படி அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு

செஞ்சியில் பத்திரம் எழுதிப் பிழைப்பவள் நான். பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள மாடிக் கட்டடத்தில் கீழே என் கடை. மேலே, வீட்டுக்குப் பிளான் போட்டுத் தருகிறவளின் அறை. அவளிடம் பிளான் போட வந்தவர் பத்திரத்துக்கு என்னிடம் இறங்குவார், என்னிடம் வந்தவர் பிளானுக்கு அவளிடம் ஏறுவார். பத்து வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சர்வே எண், சதுர அடி, ஜெராக்ஸ் மூன்றும்தான். என்னைவிட அவள் இரண்டு வயது சின்னவள். அந்த இரண்டு வயதுக்கு உண்டான 'அக்கா'வை அவள் ஒருநாளும் விட்டதில்லை, ஒரே ஒரு வாரம் தவிர. அந்த வாரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படக்கதை போட்டோம். நான் எழுதினேன், அவள் வரைந்தாள். இதைச் சொன்னால் ஊரில் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. பத்திரம் எழுதுகிறவளுக்கும் பிளான் போடுகிறவளுக்கும் கதை எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். எங்களிடம் வருவதைவிட அதிகமான கதை வேறு யாரிடம் வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒருநாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டைப் பாகம் பிரிக்க வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.) ஒரே வீடு. பேசிப் பேசி, கடைசியில் மாடிப்படி அண்ணனுக்கு, மொட்டை மாடி தம்பிக்கு என்று முடிவானது. நான் அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, வரைபடம் வாங்க மேலே போனேன். அவள் வரைபடத்தில் கடைசிப் படிமேல் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்ப தம்பி எப்டி மேல போவாரு?"

"ஏணி வெச்சுதான்."

"அண்ணன்?"

"அவரு படியேறி கடைசிப் படி வரைக்கும் போலாம். போயி நின்னுட்டு எறங்கி வந்துடணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் கீழே பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் சத்தம் போட்டுச் சிரிக்க முடியவில்லை. அவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் வரைபடத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். பத்து வருஷத்தில் நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

மறுநாள் மத்தியானம் ஒரு தாளோடு கீழே வந்தாள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, ஓர் அங்குலமும் முன்னே போகாமல், மாடியை எட்டிப் பார்க்கிற படம். "இதுக்கு நீங்க ஏதாச்சும் எழுதுங்கக்கா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்று எழுத வேண்டிய பத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

சென்னையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படக்கதைப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். அவள் அந்தப் படத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டாள், என்னிடம் கேட்காமலே. ஆசிரியர் பதில் போட்டார். பதினாறு பக்கம் தாருங்கள், இரண்டு மாதத்தில் வேண்டும், படிக்கிறவர் சிரிக்க வேண்டும், சிரிப்பு வராவிட்டால் போட மாட்டேன். அவ்வளவுதான் பதில். எனக்குப் பிடித்துப்போனது. பத்திரம் மாதிரி கறாராக எழுதுகிற ஆள்.

அன்று அவள் சொன்னதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பதினஞ்சு வருசமா வரையறேன்க்கா. என் படத்தப் பாத்தா எல்லாரும் ஒண்ணுதான் கேக்கறாங்க, கக்கூஸ் எங்க வருது. ஒரே ஒருத்தரு என் படத்தப் பாத்து சிரிக்கணும். நான் அத என் காதால கேக்கணும். அது போதும்."

எனக்கும் ஆசை இருந்தது. பத்திரத்தின் கடைசியில் 'தயாரித்தவர்' என்று என் கையெழுத்து இருக்கும். அதை இதுவரை எவரும் படித்ததில்லை. ஆனால் அவள் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை தொடங்கியது. மத்தியானம் ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் சாப்பிடக் கலையும். அவள் பர்தாவை என் கடை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவாள். ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு. முதல் நாளே இருவருடைய வண்டவாளமும் வெளியே வந்துவிட்டது.

நான் முதல் பக்கத்தின் முதல் படக் கட்டத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்திருந்தேன்: 'செஞ்சி டவுனில் ஓர் ஓட்டு வீடு. இதற்குக் கிழக்கே தெரு, மேற்கே வேப்பமரம், வடக்கே சந்து, தெற்கே மேற்படியார் சித்தப்பா வீடு. இந்த நான்கெல்லைக்குள் அண்ணன் நிற்கிறார்.' அவள் இரண்டு தரம் படித்தாள்.

"மொதல்ல இதுக்கு மாடி ஏதுக்கா? ஓட்டு வீடுன்னு எழுதியிருக்கீங்க."

மாற்றினேன். மறுபடியும் படித்தாள்.

"சூப்பரா இருக்குதுக்கா. நாளைக்கே கடக்கால் தோண்டிடலாம். ஆனா அண்ணன் நின்னுட்டு இன்னா பண்றாரு?"

நான் அதை எழுதவே இல்லை. எல்லை நான்கையும் சரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று என் கைக்கு அவ்வளவு பழக்கம்.

அவள் வரைந்து வந்த முதல் பக்கத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப் போனது. பக்கம் முழுக்க மேலிருந்து பார்த்த பார்வை. வீட்டுக்கு உள்ளே இரண்டு வட்டம்.

"இது யாரு?"

"அண்ணன்."

"இது?"

"தம்பி."

"எப்டித் தெரியும்?"

"அண்ணனுக்கு வழுக்கக்கா."

மனிதர்கள் தரையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு மூக்கு வாய் எல்லாம் உண்டு, வானத்திலிருந்து இறங்கி வா என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. இறங்கி வந்தாள். ஆனால் பக்கத்துக்கு ஒரு கட்டமாவது மேலிருந்து வரையாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதை நான் நோய் என்றே முடிவு செய்திருந்தேன்.

என் நோயை அவள் பொறுத்துக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு கட்டத்தில் ஆறு காரியம் நடக்கும்படி எழுதுவேன். 'அண்ணன் எழுந்து, செருப்பைத் தேடி, கதவைத் திறந்து, படியேறி' என்று. "எந்த நேரத்துலக்கா போட்டோ எடுக்கறது?" என்பாள். ஒரு கட்டத்தில் ஒரு கணம்தான் இருக்கும் என்பது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

செஞ்சிக்காரர்கள் இருவர் சேர்ந்தால் மலை வராமல் இருக்குமா? தம்பி காலையில் மாடியில் நின்று காபி குடிக்கும் கட்டத்தில், ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் எழும்பி வருகிற மாதிரி வரைந்துவிட்டாள். பார்க்க அத்தனை அழகு. நான் பேசாமல் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். மலை மேற்கே நிற்கிறது. தினமும் சாயங்காலம் சூரியன் அதன் பின்னால்தான் இறங்குகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். "படத்துக்கு அழகா இருந்துச்சுக்கா" என்று இழுத்தாள். கடைசியில் படத்தை மாற்ற மனம் வராமல் காலையைச் சாயங்காலமாக்கினோம். காபி டீயானது.

கதையின் நடுவில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் பதினோராம் பக்கம். தம்பி மாடியில் வேர்க்கடலை காயப் போட்டுவிட்டு கடைவீதிக்குப் போயிருக்கிறார். திடீரென்று மழை. அண்ணன் படியேறி ஓடுகிறார், கடைசிப் படியில் நின்றுவிடுகிறார். மாடி அவருடையது இல்லை. காலை வைத்தால் பத்திரத்தை மீறியதாகும். ஆகவே கால்விரல்களைப் படியிலேயே மாட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, கையை நீட்டி, துடைப்பத்தால் கடலையை வாரி இழுக்கிறார்.

அப்படி ஒருவரால் முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம். அளவு சரியில்லாமல் அவள் எதையும் வரைய மாட்டாள். எங்கள் கட்டடத்தின் மாடிப்படியிலேயே பார்த்துவிடுவோம் என்றேன். நான் குப்புறப் படுத்து, கால்விரலைக் கடைசிப் படியில் மாட்டி, துடைப்பத்தை நீட்டினேன். அவள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் டம்ளரோடு மேலே வந்துவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு, மயக்கமா?"

"இல்லண்ணே," என்றாள் அவள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா மல்லாட்டை வார்றாங்க."

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். அவர் தரையைப் பார்த்தார். ஒரு மல்லாட்டையும் இல்லை. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். மறுநாள் தெருவில் நான்கு பேர் என்னிடம் பிரஷர் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள்.

இனி அந்தச் சண்டை. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் கையால் வரைந்ததை ஸ்கேன் செய்து, பிளான் போடுகிற அதே கம்ப்யூட்டரில்தான் பக்கமாகச் சேர்த்தாள். அதில் எல்லாம் லேயர் லேயராக இருக்கும். சுவர் ஒரு லேயர், கதவு ஜன்னல் ஒரு லேயர், எழுத்தும் அளவும் ஒரு லேயர். எது வேண்டாமோ அதை அணைத்துவிட்டு பிரிண்ட் எடுக்கலாம். வீட்டுக்காரர்களுக்குக் காட்டும்போது எழுத்து லேயரை அணைத்துவிடுவாள். எண்களைப் பார்த்தால் அவர்களுக்கு டென்ஷன் ஏறும். எங்கள் கதையிலும் படம் ஒரு லேயர். அதன்மேல் என் வசனமும் வசனத்துக்கான பலூனும் இன்னொரு லேயர்.

முதல் பதினொரு பக்கம் முடிந்ததும் பிரிண்ட் எடுத்து என் கடை பெஞ்சில் போட்டோம். எதிரே அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் படிப்பார்கள். சிங்கவரத்திலிருந்து வந்த ஒருவர் எடுத்துப் புரட்டினார், இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அடுத்து படித்த அம்மாவும் அதையே சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. மேலே பார்த்தால் அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னா, ஒரு மாதிரி இருக்க? சிரிச்சாங்க இல்ல?"

"நீங்க எழுதனதுக்குச் சிரிச்சாங்க. அவரு ஒரு கட்டத்தகூட பாக்கலக்கா. பலூன் பலூனா தாவிட்டுப் போயிட்டாரு."

பிறகு பதினோராம் பக்கத்தை என் மேசையில் விரித்தாள். அண்ணன் குப்புறப் படுத்திருக்கும் கட்டத்தை மேலிருந்து வரைந்திருந்தாள். அதன்மேல் நான் மூன்று பலூன் ஏற்றியிருந்தேன். பத்திரப்படி மாடி தம்பி பாகம் என்பதால் தன் பாதம் அங்கே பட முடியாது என்றும், கை பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றும், ஆகவே கையை நீட்டுவது சட்டப்படி தவறில்லை என்றும் அண்ணன் படுத்தவாக்கில் விளக்குகிறார்.

"கை எங்க இருக்குது சொல்லுங்க."

நான் பார்த்தேன். கையும் துடைப்பமும் கடலையும் என் மூன்றாவது பலூனுக்கு அடியில் இருந்தன.

அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தக் குணம் கிடையாது. "எழுத்து இல்லாம கதை எப்டிப் புரியும்?" என்றேன்.

"படம் தெரியாம எழுதினா அது பத்திரம்க்கா. அதத்தான் டெய்லி எழுதறீங்களே."

அது நேராக வந்து பட்டது. நான் அதைவிட மோசமாகத் திருப்பிக் கொடுத்தேன். "ஒனக்கு மூஞ்சி வரைய வராது. அதான் மேலேர்ந்து வட்டமா வரைஞ்சு தள்ற." சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் தாளை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அந்த ஒரு வாரம் அவள் மரியாதையைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டாள். 'அக்கா' போய் 'மேடம்' வந்தது. "ஜெராக்ஸ் ரெடியா மேடம்." "சைன் போடுங்க மேடம்." என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். ஆணி வெறுமனே இருந்தது. மன்னிப்புக் கேட்க மூன்று முறை படியேறி, பாதியில் இறங்கிவிட்டேன். ஆசிரியர் கொடுத்த கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற பஸ்களால் ஊரே நிரம்பியிருந்தது. நான் பத்திரம் பதிய வந்த ஒரு கட்சிக்காரரோடு பதிவு அலுவலகத்துக்குள் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் மேசையில் உறை ஒன்று. மேலே அவள் கையெழுத்து: 'பதினாறு பக்கமும் முடிந்தது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் மேடம்.' உறை காலியாக இருந்தது. பெஞ்சில் டோக்கனுக்குக் காத்திருந்த புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பக்கங்களை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

ஒரு வார்த்தை இல்லை. பலூன் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வெறும் படம். எழுத்து லேயரை அணைத்துவிட்டு எடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு மாத உழைப்பை ஒரு பட்டனில் துடைத்துவிட்டாளே, மேலே போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று படியில் காலை வைத்தேன். அப்போது அந்தப் பெண் சிரித்தாள்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. புருஷனை முழங்கையால் இடித்துக்கொண்டு, தாளில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கால பாரு, கால. படிய விடல பாரு."

"தம்பி மல்லாட்டை நனையக்கூடாதாம்," என்றார் அவர். "ஆனா கால மட்டும் வெக்க மாட்டாரு."

"எங்க நைனாவும் சித்தப்பாவும் இப்டியேதான். பேச்சு கெடயாது, ஆனா மழ வந்தா மொதல்ல ஓடறது நைனாதான்."

நான் அங்கேயே நின்றேன். நான் மூன்று பலூனில் விளக்கியதையெல்லாம் அவர்கள் ஒரு ஜோடிக் கால்விரலில் படித்துவிட்டார்கள். பேச்சு கிடையாது என்பதை நான் கதையில் எங்கேயும் சொல்லவே இல்லை, அதையும் படித்துவிட்டார்கள். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன். பிறகு திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால்தான் அந்தக் கோடு தெரிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து விரல், அந்தப் பக்கம் மனிதன் முழுசாக. தரையில் நின்று வரைந்திருந்தால் ஒருவன் விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான் தெரிந்திருக்கும். நான் நோய் என்று சொன்னது இதைத்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என் கதைக்கே.

படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே போனேன். அவள் போனில் யாருக்கோ செப்டிக் டேங்க் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கீழ வா."

"வேல இருக்குது மேடம்."

"சிரிக்கிறாங்க. ஒன் படத்துக்கு."

போனை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆனால் அதற்குள் டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள் போல. பெஞ்சில் யாரும் இல்லை. பக்கங்கள் மட்டும் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"நெசமாவா?"

"நெசமா."

"எந்தப் பக்கம்?"

"பதினொண்ணு."

"எப்டி சிரிச்சாங்க?"

நான் சிரித்துக் காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். "சமாதானத்துக்குச் சொல்றீங்க" என்றாள். ஆனால் மேடம் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். மூஞ்சியைப் பற்றிச் சொன்னது தப்பு என்றேன். "எழுத்து லேயர அணைச்சிருந்தேன், பழக்கத்துல மறந்துட்டேன் போல" என்றாள் அவள். மறந்தாளா, வேண்டுமென்றே செய்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அன்று மத்தியானமே பலூன்களை வெட்ட உட்கார்ந்தோம். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால் பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. அந்த வழக்கப்படியே செய்தோம். சிவப்புப் பேனாவால் நான் ஒரு பலூனை அடிப்பேன், ஓரத்தில் கையெழுத்து வைப்பேன், அவளும் வைப்பாள். பதினோராம் பக்கத்தின் மூன்றையும் முதலில் அடித்தேன். அடிக்க அடிக்க வெறி வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், படியில் ஓர் ஆடு ஏறிவிடுகிற எட்டாம் பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். அவள்தான் கையைப் பிடித்தாள். "இது வேணும்க்கா. இது இல்லன்னா ஆடு யாருதுன்னு தெரியாது." அக்கா திரும்பி வந்துவிட்டது. எனக்குப் பேனா ஓடவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஏணி உடைந்து தம்பி மாடியில் மாட்டிக்கொள்கிறார். இறங்க வேண்டுமானால் அண்ணனின் படிதான். அண்ணன் டம்ளரோடு கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நான் அண்ணனுக்கு ரத்தபாசம், பெற்றவர்கள், வீடு என்று ஒரு பிரசங்கமே எழுதியிருந்தேன். அவள் வரைந்திருந்தது வேறு. அண்ணன் கொஞ்சம் நகர்ந்து, படியில் ஓர் ஆள் போக இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பிரசங்கத்தை வாக்கியம் வாக்கியமாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 'வா' என்ற ஒரு சொல் மிச்சம் இருந்தது. அதன்மேலும் கோடு போடப் போனேன்.

"அத உடுங்கக்கா. நகர்ந்தது என்னுது. கூப்பிடறது உங்களுது."

விட்டுவிட்டேன். கடைசியில், பத்திரத்தில் எழுதுவதுபோலவே, 'மேற்கண்ட அடித்தல் திருத்தல் எல்லாம் இருவர் சம்மதத்தின் பேரில்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் இப்போதும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஆசிரியர் போட்டார். இதழ் தபாலில் வந்த அன்று ஆளுக்கொரு முறை மோந்து பார்த்தோம். பிறகு ஒரு பிரதியைப் பெஞ்சில் வைத்தேன். அவள் அன்றிலிருந்து மேலே வேலை செய்வதை விட்டுவிட்டாள். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு, டேப்போடு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஒருவர் அதை விசிறியாக்கினார். இன்னொருவர் இதழின் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தில் இரண்டு கட்டத்தை நிரப்பிவிட்டு வைத்தார். "இன்னும் ஒண்ணும் நடக்கலியாக்கா" என்று மேலிருந்து கேட்பாள். நான் தலையாட்டுவேன்.

மூன்றாம் நாள் பெரிய உடம்புக்காரர் ஒருவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். புது மனைக்குப் பத்திரம். இதழை எடுத்தார். பக்கத்தைப் புரட்டுகிறார், புரட்டுகிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பது. பத்து. அடுத்த பக்கத்தில் அவர் கை நின்றது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். கிட்டே கொண்டுபோனார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பெஞ்சு ஆடியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடியும் சிரித்தார்.

நான் மேலே பார்த்தேன். அவள் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். டேப் கை நழுவி ஒவ்வொரு படியாக உருண்டு கீழே வந்தது.

"ஏம்மா, இத வரைஞ்சது யாரு?"

நான் கையைக் காட்டினேன். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"யம்மா, எல்லாம் நல்லா இருக்குது. இந்த வீட்ல கக்கூஸ் எங்க வருது?"

அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்குப்போல் துப்பட்டாவை வாயில் அடைக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க, நடுவே பதிலும் சொன்னாள்.

"அண்ணன் பாகத்துலங்க. அதனாலதான் தம்பி சண்டய சீக்கிரம் முடிச்சுக்கினாரு."

அந்த வசனத்தை மட்டும் அவள் இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால், எத்தனை கையெழுத்துக் கேட்டிருந்தாலும் நான் அதை அடிக்க விட்டிருக்க மாட்டேன்.